டிக்கியின் தாழ்



மோட்டார் வண்டியின் பின்புறத்தில் சாமான் வைக்கும் அறையை நம் ஊரில் டிக்கி என்று சொல்லுகிறோம். அந்த டிக்கியின் மூடியைப் பிடித்து நிறுத்தும் தாழ் ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும் இரும்புக் கருவி அது. அது பழுதுபட்டால் வீட்டிலேயே எவ்வாறு செப்பனிடலாம் என்பதையும், அதன் பின்னால் நிற்கும் வரலாறு யாது என்பதையும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இத்துணைச் சிறிய பொருளுக்கு வரலாறும் உண்டோ என்று நீங்கள் வியக்கலாம். உண்டு. அந்த வரலாற்றில் பொறிநுட்பம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, குழந்தைகளின் உயிரும் இருக்கிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். குதிரை பூட்டிய கோச்சு வண்டிகள் ஓடிய காலத்தில், வண்டிக்கு வெளியே வேலையாள் அமர்வதற்கென்று அமைந்த இருக்கையை ஆங்கிலேயர் டிக்கி என்று அழைத்தனர். மோட்டார் வண்டி வந்த பிறகு, பின்புறத்து மூடியை நிமிர்த்தினால் உள்ளிருந்து விரியும் இருக்கைக்கும் அதே பெயர் வழங்கிற்று. மழையும் வெயிலும் தாங்க வேண்டிய அந்த இருக்கை நாளடைவில் மறைந்தது; அவ்விடத்தில் பெட்டியும் படுக்கையும் ஏறின. இருக்கை போயும் அதன் பெயர் நம் நாட்டில் நிலைத்துவிட்டது. இங்கிலாந்தில் இதனைப் பூட் என்பர். கோச்சு வண்டியில் மூட்டை வைத்த அறைக்கு வழங்கிய பெயர் அது. அமெரிக்காவிலோ இதற்கு ட்ரங்க் என்று பெயர். நம் பாட்டிமார் பட்டுச் சேலையை மடித்து வைத்த ட்ரங்குப் பெட்டியேதான்! முற்காலக் கார்களில் சாமான் அறை என்று தனியே ஒன்று கிடையாது. பின்னால் இரும்புத் தட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் ட்ரங்குப் பெட்டியை வைத்து வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். பின்னர் அந்தப் பெட்டி வண்டியின் உடலோடு ஒன்றாகி, வண்டியின் ஓர் உறுப்பாயிற்று. அப்பொழுதுதான் வாருக்குப் பதிலாகத் தாழ் வந்தது.

தாழ் வேறு, பூட்டு வேறு என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். கதவையோ மூடியையோ அசையாமல் பிடித்து நிறுத்துவது தாழ். உரியவரன்றிப் பிறர் அத்தாழை நீக்காதபடி காப்பது பூட்டு. தாழ் என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. திருக்குறளின் அன்புடைமை அதிகாரம் அச்சொல்லை வைத்தே தொடங்குகிறது. திறவுகோல் என்பது நமது சொல். சாவி என்பது போர்த்துக்கேசியர் தந்த சொல். நம் வீட்டுக் கதவுகளில் கொண்டியும் நாதாங்கியும் பார்த்திருக்கிறீர்கள். கொண்டி சென்று மாட்டும். நாதாங்கி அதனை ஏற்கும். டிக்கியின் தாழும் இந்த இரண்டின் கூட்டே என்பதைச் சிறிது நேரத்தில் காண்போம்.

பூட்டின் வரலாற்றைப் புரட்டினால், அது பெரும்பாலும் கள்வனுக்கும் கருமானுக்கும் நடந்த போட்டியாகவே தோன்றும். பண்டைய எகிப்தியர் மரத்தால் பூட்டுச் செய்தனர். மேலிருந்து சிறு முளைகள் விழுந்து குறுக்குக் கட்டையைத் தடுத்து நிறுத்தும். பற்களுடைய மரத் திறவுகோல் அம்முளைகளை ஒருங்கே தூக்கிவிடும். 1784ஆம் ஆண்டில் ஜோசப் பிராமா என்பவர் இங்கிலாந்தில் புதுவகைப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அத்தகைய பூட்டு ஒன்றை லண்டன் நகரத்துப் பிக்கடில்லியில் இருந்த கடையின் கண்ணாடிச் சாளரத்தில் வைத்து, இதனைச் சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தார்கள். அறுபது ஆண்டுகளாக எவராலும் அது இயலவில்லை. 1851ஆம் ஆண்டு லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தபோது, ஆல்பிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் வந்தார்; பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதனைத் திறந்து காட்டினார். பின்னர் 1861லும் 1865லும் லினஸ் யேல் என்னும் அமெரிக்கர், எகிப்தியரின் முளைத் தத்துவத்தையே சிறிய உலோக உருளைக்குள் அடக்கிக் காப்புரிமை பெற்றார். இன்று நம் கையிலுள்ள தட்டைச் சாவிகளில் பல அவர் வழி வந்தவை. நம் திண்டுக்கல் பூட்டும் கைத்திறனால் பெயர் பெற்றது. 2019ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இவையனைத்தும் ஒரே கேள்விக்குச் சொன்ன விடைகள். வெளியே நிற்பவன் உள்ளே வராமல் தடுப்பது எப்படி என்பதே அக்கேள்வி. உள்ளே இருப்பவன் வெளியே வருவது எப்படி என்று கேட்கப் பூட்டுச் செய்தவர்களுக்கு நெடுங்காலம் தோன்றவில்லை. அக்கேள்வியைப் பின்னால் எடுத்துக்கொள்வோம். முதலில் டிக்கியைத் திறந்து பார்ப்போம்.

இத்தாழில் முக்கியமான உறுப்புகள் நான்கு. முதலாவது, வளைந்த இரும்புக் கம்பி, இதுவே நாதாங்கி. இரண்டாவது, நண்டின் கொடுக்குப்போல் பிளவுபட்டுச் சுழலும் தகடு, இதுவே கொண்டி. மூன்றாவது, அத்தகடு திரும்பிவிடாமல் தடுக்கும் சிறு நாக்கு. நான்காவது, சுருள்வில். பெரும்பாலான வண்டிகளில் கொண்டி மூடியிலும், நாதாங்கி வண்டியின் உடலிலும் இருக்கும். சிலவற்றில் இது மாறியும் அமையும். மூடியை இறக்கும்போது நாதாங்கி கொண்டியின் பிளவிற்குள் புகுந்து அதனைச் சுழற்றுகிறது. கொண்டி வளைந்து நாதாங்கியைக் கவ்வுகிறது. உடனே தடுப்பு நாக்கு பள்ளத்தில் விழுந்து கொண்டியை நிறுத்துகிறது. நாம் கேட்கும் 'டக்' என்னும் ஓசை அதுதான். ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலுள்ள பிடியை இழுத்தால், நீண்ட கம்பி ஒன்று அந்த நாக்கை விலக்குகிறது, சுருள்வில் கொண்டியைத் திருப்புகிறது, மூடி எழும்புகிறது. சில வண்டிகளில் கம்பிக்குப் பதில் சிறு மின்பொறி இவ்வேலையைச் செய்யும்.

ஆகவே தாழின் கடமைகள் இரண்டு. பிடித்தல் ஒன்று; விடுத்தல் மற்றொன்று. பழுதுகளும் இந்த இரண்டனுள் அடங்கும்.

என் வீட்டுப் பழைய வண்டியின் தாழை நான் இருமுறை வாசலிலேயே வைத்துச் செப்பனிட்டிருக்கிறேன். அதற்கு வேண்டிய கருவிகள் சில: ஒரு திருப்புளி, போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர், பழைய பல் துலக்கும் பிரஷ், சிறிது மண்ணெண்ணெய், பழந்துணி, சிறிதளவு கிரீஸ், ஒரு பென்சில். பென்சில் எதற்கு என்று கேட்கிறீர்களா? போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் தாழின் தகட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். எங்கே இருந்தது என்று தெரிந்தால்தான் எவ்வளவு நகர்த்தினோம் என்று தெரியும். மூத்த பட்டறைக்காரர் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்த பாடம் இது.

மூடி திறக்கவே மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அடைத்த சாமான் மூடியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தால், கொண்டி நாதாங்கியில் இறுகி, நாக்கு விலக முடியாமற் போகும். அப்பொழுது ஒருவர் மூடியைக் கீழே அழுத்த, மற்றொருவர் பிடியை இழுத்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். அவ்வாறும் திறவாவிட்டால் சாவித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னிருக்கையின் சாய்மானத்தை மடக்க முடிகிற வண்டியாயின் அவ்வழியே உள்ளே எட்டலாம். பிடி எதிர்ப்பில்லாமல் தளர்ந்து வந்தால், கம்பி அறுந்திருக்கும், அல்லது அதன் உறை தாங்கியிலிருந்து நழுவியிருக்கும். நழுவிய உறையைக் கையாலேயே மீண்டும் பொருத்திவிடலாம். அறுந்த கம்பியை மாற்றத்தான் வேண்டும். மின்பொறி உள்ள வண்டியானால் முதலில் ஃபியூஸைச் சோதியுங்கள்.

மூடி பிடிக்காமல் மீண்டும் மீண்டும் துள்ளி எழுந்தால், பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து களிம்பாகிக் கொண்டியைச் சுழலவிடாமல் செய்திருக்கும். மண்ணெண்ணெயில் தோய்த்த பிரஷ்ஷால் அதனைத் தேய்த்து, துணியால் துடைத்து, காய்ந்த பின் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் இடவேண்டும். அதிகம் இட்டால் அது மீண்டும் தூசிக்கு வீடாகும். இவ்வேலை நடக்கும் இடத்தின் அருகே நெருப்பு இருத்தல் கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வண்டி ஓடும்போது மூடி தானே திறந்துகொள்வது மூன்றாவது பழுது. பெரும்பாலும் போல்ட்டுகள் தளர்ந்து நாதாங்கி விலகியிருக்கும். போல்ட்டைச் சிறிதே தளர்த்தி, மூடியை மெதுவாக இறக்கி, கொண்டியின் பிளவிற்கு நேராக நாதாங்கி வருமாறு நகர்த்தி, மீண்டும் இறுக்கவேண்டும். ஓரத்து ரப்பர்ப் பட்டையும் கிழியாமல் இருக்கவேண்டும். மூடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போவோரை நாம் பார்க்கிறோம். பின்புறத்துப் புகை, நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு உட்பட, அந்த இடைவெளி வழியே வண்டிக்குள் புகக்கூடும். அப்பழக்கம் ஆபத்தானது.

பிடிக்காத தாழ் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. 1917இல் விமான விபத்தொன்றில் உயிர் தப்பிய ஹியூ டிஹேவன் என்பவர், தாம் பிழைத்தது எவ்வாறு என்று ஆராயப் புகுந்தார். அவர் தொடங்கி வைத்த ஆராய்ச்சி கார்னெல் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. மோதலின்போது கார்க் கதவுகளின் தாழ் விட்டுப்போவதும், உள்ளிருப்போர் வெளியே எறியப்படுவதும் மரணத்திற்குப் பெரிய காரணங்கள் என்று அவ்வாராய்ச்சி காட்டியது. 1956ஆம் ஆண்டு வண்டிகளில் அமெரிக்க நிறுவனங்கள் உறுதியான கதவுத் தாழ்களைப் பொருத்தலாயின.

இனி மற்றக் கடமைக்கு வருவோம். விடவேண்டிய நேரத்தில் விடாத தாழ் என்ன செய்யும்?

1883ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள். வட இங்கிலாந்தில் சண்டர்லாந்து என்னும் நகரத்து விக்டோரியா மண்டபத்தில் குழந்தைகளுக்கென மாயவித்தைக் காட்சி ஒன்று நடந்தது. முடிவில் மேடையிலிருந்து பரிசுகள் வழங்கப்பட்டன. மாடியில் இருந்த குழந்தைகள் தங்களுக்குக் கிடைக்காமற் போகுமோ என்று படிக்கட்டில் விரைந்து இறங்கினர். கீழே இருந்த கதவு உட்புறமாகத் திறப்பது. அதுவும் ஒருவர் மட்டுமே நுழையுமளவு இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. முன்னால் வந்தவர் விழ, பின்னால் வந்தவர் அறியாமல் மேலும் மேலும் இறங்க, 183 குழந்தைகள் மூச்சடைத்து மாண்டனர். அந்தத் துயரம் ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவரின் உள்ளத்தை அசைத்தது. உள்ளிருந்து உடலால் தள்ளினாலே திறந்துகொள்ளும் தாழ் ஒன்றை அவர் அமைத்து, 1892இல் காப்புரிமை பெற்றார். சினிமாக் கொட்டகைகளின் வெளிவாயிலில் குறுக்கே நீண்டிருக்கும் இரும்புச் சட்டம் அந்த வழியில் வந்ததே. ஆயினும் பாடம் எல்லோரையும் எட்டவில்லை. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் சிகாகோவின் இராக்கோயிஸ் நாடக அரங்கு தீப்பற்றியபோது அறுநூறு பேர்வரை இறந்தனர். அங்கே சில கதவுகளின் தாழ் அந்நாட்டார் அறியாத வகையைச் சேர்ந்தது; கதவுக்கு முன்னால் நின்றும் திறக்கத் தெரியாமல் மாய்ந்தார்கள்.

அடுத்து, வீட்டுக் குளிர்பதனப் பெட்டி. முற்காலப் பெட்டிகளுக்கு வெளியே மட்டும் கைப்பிடியுள்ள உறுதியான தாழ் இருந்தது. பழையதாகிப்போய் எறியப்பட்ட பெட்டிகளில் கண்ணாமூச்சி ஆடும் குழந்தைகள் ஒளிந்தார்கள். கதவு மூடிக்கொண்டது. காற்றுப் புகாத அப்பெட்டியிலிருந்து அழுகுரலும் வெளியே கேளாது. இவ்வாறு குழந்தைகள் தொடர்ந்து இறக்கவே, 1956இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் ஒன்று செய்தது. 1958 அக்டோபர் 30ஆம் தேதிக்குப் பின் செய்யப்படும் பெட்டிகளின் கதவு உள்ளிருந்து எளிதில் திறக்கவேண்டும் என்பது அதன் விதி. குழந்தையின் கைக்கு எவ்வளவு வலிமை இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்து, 15 பவுண்டு விசையிலேயே கதவு திறக்கவேண்டும் என்று அளவும் வகுத்தார்கள். இன்று நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குத் தாழே இல்லை. ரப்பர்ப் பட்டைக்குள் பொதிந்த காந்தமே கதவைப் பிடித்து நிற்கிறது. காந்தத்திற்குப் பிடிக்கவும் தெரியும். சிறு கை தள்ளினால் விடவும் தெரியும்.

குளிர்பதனப் பெட்டி பாடம் கற்ற பிறகும், மோட்டார் வண்டியின் டிக்கி நாற்பது ஆண்டுக்கு மேல் கற்காமலே இருந்தது. 1995ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் ஜேனட் பெனல் என்ற அம்மையாரையும் அவர் கணவரையும் கொள்ளையர் அவர்கள் வண்டியின் டிக்கியிலேயே அடைத்துக் கொண்டுபோனார்கள். இருட்டில் துழாவித் தாழை விடுவிக்கும் வழி கண்டு இருவரும் பிழைத்தனர். மற்றவர்க்கும் அந்த வழி வேண்டும் என்று அம்மையார் உறுதி பூண்டார். அதற்கென இயக்கம் கண்டு, அரசினரையும் வண்டி செய்வோரையும் விடாது வற்புறுத்தினார். 1998ஆம் ஆண்டுக் கோடையில் சில வாரங்களுக்குள், அமெரிக்காவில் வெவ்வேறு மூன்று இடங்களில், டிக்கிக்குள் அகப்பட்டுக்கொண்ட பதினொரு குழந்தைகள் வெப்பத்தில் மாண்டனர். எவரும் அவர்களை அடைக்கவில்லை. விளையாட்டாக உள்ளே ஏறினார்கள், மூடி விழுந்தது, தாழ் தன் முதற் கடமையைச் சரியாகவே செய்தது. இரண்டாவது கடமையை அதற்கு எவரும் கற்பித்திருக்கவில்லை.

அதன் பின்னரே விதி பிறந்தது. 2001 செப்டம்பர் 1 முதல் அமெரிக்க விற்பனைக்கெனச் செய்யப்படும், மூடிய டிக்கியுள்ள கார்கள் அனைத்திலும் உள்ளிருந்து திறக்கும் பிடி இருத்தல் வேண்டும். இருளிலும் கண்ணுக்குத் தெரியுமாறு அது ஒளிரவேண்டும். அந்தப் பிடி மிகச் சிறியது. அதை இழுக்கப் படிப்பு வேண்டாம், வலிமை வேண்டாம். அதில் கட்டிய கம்பி சென்று விலக்குவது நான் முன்னே சொன்ன அதே தடுப்பு நாக்கைத்தான். பொறிநுட்பம் அளவில் இதில் அரிய புதுமை ஏதும் இல்லை. முன்னமே செய்திருக்கக் கூடியதுதான். உள்ளே ஒரு குழந்தை இருக்கலாம் என்று எண்ணிப்பார்ப்பது ஒன்றே குறைவாக இருந்தது.

இப்போது செப்பனிடும் வேலையின் கடைசிப் படிக்கு வருவோம். தாழைச் சுத்தம் செய்தாயிற்று, போல்ட்டுகளை இறுக்கியாயிற்று. உடனே மூடியை அறைந்து சாத்திவிடாதீர்கள். மூடி திறந்திருக்கும்போதே, நாதாங்கிக்குப் பதிலாகத் திருப்புளியைக் கொண்டியின் பிளவில் வைத்து அழுத்துங்கள். பல தாழ்களில் 'டக், டக்' என்று இருமுறை ஓசை கேட்கும்: முதலது பாதிப் பிடி, இரண்டாவது முழுப் பிடி. இப்போது ஓட்டுநர் இருக்கையருகே உள்ள பிடியை ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். கொண்டி தடையின்றித் துள்ளித் திறக்கிறதா என்று பாருங்கள். சாவித் துளை இருந்தால் சாவியாலும் சோதியுங்கள். உள்ளே ஒளிரும் பிடி இருந்தால் அதனையும் இழுத்துப் பாருங்கள். எல்லா வழியிலும் மும்முறை திறந்தால்தான் வேலை முடிந்தது. பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுந்துவிடுபவர் பாதி வேலையையே செய்தவர் ஆவார்.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கார் இருந்தால், பெரியவர்களின் அனுமதியோடு டிக்கியைத் திறந்து, உள்ளிருந்து விடுவிக்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது எங்கே உள்ளது என்பதை வீட்டிலுள்ள சிறுவர்க்கும் காட்டிவையுங்கள். இல்லையெனில், வண்டி நிற்கும்போதெல்லாம் டிக்கி பூட்டியிருக்கட்டும். சாவி குழந்தைகளின் கைக்கு எட்டாத ஆணியில் தொங்கட்டும். கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஒரு பிள்ளையைக் காணவில்லையென்றால், முற்றத்தையும் தெருவையும் தேடும்போதே வண்டியின் டிக்கியையும் திறந்து பார்த்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் உட்புறம் விரைவில் சூடேறிவிடும். குழந்தையின் உடலோ பெரியவர் உடலைவிட வேகமாகச் சூடேறும். அங்கே சில நிமிடங்களும் பெரிது.